வளர்ந்த ஊரும் பிறந்த குலமும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கப் பழங்குடிகள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். தாய் தகப்பனை இழந்த நவஹோ பிள்ளைகளை ஒரு புவெப்லோ குடும்பம் எடுத்து வளர்த்தால் அதில் என்ன குறை? இருவருமே பழங்குடிகள், அக்கம்பக்கத்து மக்கள். வெள்ளைக்காரர் வீட்டில் வளர்வதைவிட அது மேல்தானே?

ம.

அன்புள்ள ம.,

மேல்தான், சந்தேகமில்லை. 1978க்கு முன்பு பழங்குடிக் குழந்தைகளில் நான்கில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெற்றவர்களிடமிருந்து பிரிக்கப்பட்டார்கள். அந்த ஆண்டு அமெரிக்காவில் வந்த இந்தியக் குழந்தை நலச் சட்டம் (இங்கே இந்தியர் என்றால் அமெரிக்கப் பழங்குடிகள்) தத்துக்கு ஒரு வரிசை வைத்தது. முதலில் சொந்தக்காரர்கள், அடுத்து அதே இனத்தார், அப்புறம்தான் வேறு பழங்குடிக் குடும்பம். நீங்கள் சொல்லும் வீடு மூன்றாவது இடத்தில் வருகிறது. அது சரியான இடம் என்றே நினைக்கிறேன்.

நவஹோ மொழிக்கும், புவெப்லோ மக்களின் ஊர்களில் ஒன்றான சாந்தா கிளாராவில் பேசும் தேவா மொழிக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. நவஹோக்களுக்குக் குலம் தாய்வழியில் வருகிறது. ஒருவர் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும்போது தாயின் குலம், தகப்பன் குலம், அம்மாவின் அப்பா குலம், அப்பாவின் அப்பா குலம் என்று நான்கையும் சொல்வார். கேட்பவர் அந்த இடத்திலேயே முறை கண்டுபிடித்துவிடுவார். யாரைக் கட்டலாம், யாரைக் கட்டக்கூடாது என்பதும் அதில் தெரிந்துவிடும். குழந்தை முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தால், சிரிக்க வைத்தவர் விருந்து வைப்பார். வந்தவர்களுக்கு அந்தப் பிஞ்சுக் கையாலேயே உப்புக்கல் கொடுக்க வைப்பார்கள், கொடுக்கும் குணம் வரட்டும் என்று. எவ்வளவு பாசமான புவெப்லோ தாயாக இருந்தாலும் அந்த நான்கு குலங்களை அவர் எங்கே போய்த் தேடுவார்?

சரி, வளர்ந்த ஊராவது முழுசாகச் சொந்தமாகுமா? ஜூலியா மார்ட்டினெஸ் சாந்தா கிளாராவில் பிறந்தவர். 1941ல் ஒரு நவஹோ ஆணை மணந்தார். பிள்ளைகள் அந்த ஊரிலேயே வளர்ந்தார்கள், தேவா பேசினார்கள், சடங்குகளில் கலந்துகொண்டார்கள். ஆனால் 1939ல் போட்டு அப்போது நடப்பில் இருந்த ஊர் விதிப்படி, வெளியே மணந்த ஆணின் பிள்ளைகள் அந்த ஊர்க் குடியின் உறுப்பினர்கள், வெளியே மணந்த பெண்ணின் பிள்ளைகள் அல்ல. ஜூலியா போட்ட வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. உறுப்பினர் விஷயத்தில் இந்த வழக்கை விசாரிக்கும் அதிகாரம் மத்திய நீதிமன்றங்களுக்கு இல்லை என்று 1978ல் தீர்ப்பு வந்தது. தன் மக்கள் யார் என்று ஓர் ஊர் தானே முடிவு செய்யும் உரிமையை நான் மதிக்கிறேன். ஆனாலும் அந்தப் பிள்ளைகளை நினைத்தால் மனசு ஆறவில்லை. பெற்ற தாயே அந்த ஊர்க்காரியாக இருந்தும் இந்தக் கதி என்றால், தத்து வந்த பிள்ளையின் நிலை என்ன?

இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. 1690களில் ஸ்பானியர்கள் திரும்ப வந்து புவெப்லோக்களை அடக்கியபோது, ஜெமெஸ் என்ற புவெப்லோ ஊரின் மக்களில் பலர் நவஹோக்களிடம் தஞ்சம் புகுந்தார்கள். அவர்கள் வழி வந்தவர்கள் இன்றும் நவஹோக்களுக்குள் ஒரு குலம். ஜெமெஸுக்கு நவஹோ மொழியில் என்ன பெயரோ அதுவே அந்தக் குலத்தின் பெயர். அடைக்கலம் கொடுத்தவர்கள் வந்தவர்களின் ஊரைத் துடைத்துப் போடவில்லை.

அதனால் எடுத்து வளர்க்கும் அந்தக் குடும்பத்திடம் நான் கேட்பது ஒன்றுதான்: அம்மாவின் குலம் எது என்று விசாரித்து எங்காவது எழுதி வைத்திருக்கிறீர்களா?