போனில் பாஸ்வேர்டு மாற்றியும் லேப்டாப் திறக்கவில்லை என்ற கேள்விக்கு

நண்பரே, மறந்துபோன மைக்ரோசாஃப்ட் கணக்கு பாஸ்வேர்டை போனில் மாற்றிவிட்டீர்கள், ஆனால் விண்டோஸ் 11 லேப்டாப் புதியதை ஏற்கவில்லை என்கிறீர்கள். பெரும்பாலும் லேப்டாப்பில் நெட் இணைந்திருக்காது. நெட் இல்லாவிட்டால் அது தன்னிடம் சேமித்திருக்கும் பழையதோடுதான் ஒப்பிடும். லாகின் திரையின் வலது கீழ் மூலையில் வைஃபை படம் இருக்கும். அங்கேயே போன் ஹாட்ஸ்பாட்டை இணைத்துவிட்டு அடித்துப் பாருங்கள்.

பின் எண் கேட்டால், 'சைன்-இன் ஆப்ஷன்ஸ்' போய் சாவிப் படத்தைத் தொடுங்கள். கட்டத்தின் ஓரத்தில் உள்ள கண் படத்தை அழுத்திப் பிடித்தால் அடித்த எழுத்து தெரியும். சிலருக்கு அங்கே தமிழ் எழுத்து வந்து நிற்கும்! விண்டோஸ் பொத்தானையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தி ஆங்கிலத்துக்கு மாற்றலாம்.

கடைக்காரர் சொன்னாரென்று ஃபார்மட் மட்டும் செய்துவிடாதீர்கள். நடுவில் பிட்லாக்கர் (டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) 48 இலக்கச் சாவி கேட்டால், அதே கணக்கில் போன் வழியாக நுழைந்து தேடுங்கள். பெரும்பாலும் அங்கேதான் சேமிக்கப்பட்டிருக்கும்.