கிளியரன்ஸ் கேட்கிறார்கள், என்ன செய்வது? (கேள்வி பதில்)

பிரிட்டனில் அரசு ஒப்பந்த வேலைகளுக்கு ஆள் எடுக்கும் பிரிவில் பல வருடம் இருந்தவன் நான். செக்யூரிட்டி கிளியரன்ஸ் என்பது, அரசின் ரகசியத் தகவல்களைக் கையாள ஒருவரை நம்பலாமா என்று விசாரித்துத் தரும் அனுமதி. வெளிநாட்டு வேலைக்கான இந்தக் கிளியரன்ஸ் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கோவை வாசகர்: அண்ணா, ஒரு அமெரிக்க வேலை விளம்பரத்தில் 'சீக்ரெட் கிளியரன்ஸ் அவசியம்' என்று போட்டிருக்கிறார்கள். வாங்கித் தருகிறேன் என்று ஒரு ஏஜென்ட் 80,000 ரூபாய் கேட்கிறார். கட்டலாமா?

ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள் தம்பி. கிளியரன்ஸுக்குத் தனி ஆள் விண்ணப்பிக்கவே முடியாது. வேலை கொடுக்கும் நிறுவனமோ அரசுத் துறையோதான் உங்கள் பெயரை அனுப்ப வேண்டும். விசாரணைக்கு நீங்கள் கட்டணம் கட்டும் வழக்கமும் அங்கே இல்லை. அதைவிட முக்கியம், அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவருக்கு அது கிடைக்காது. 1995-ல் கிளின்டன் பிறப்பித்த 12968-ஆம் நிர்வாக ஆணையில் இருக்கிற விதி இது. அபூர்வமான திறமை வேண்டும், அதற்கு அமெரிக்கர் யாரும் கிடைக்கவில்லை என்றால் மட்டும் 'லிமிடெட் ஆக்சஸ் ஆதரைசேஷன்' என்று ஓர் அனுமதி உண்டு. அதுவும் சீக்ரெட்டுக்கு மேலே உள்ள டாப் சீக்ரெட் வரை போகாது. கோவையில் உட்கார்ந்திருக்கும் ஏஜென்ட் கையில் அது எப்படி வரும்?

நியூ ஜெர்சி வாசகி: எனக்கு கிரீன் கார்டு இருக்கிறது. ராக்கெட் செய்யும் ஒரு நிறுவனம் 'யு.எஸ். பர்சன்' மட்டும் விண்ணப்பிக்கலாம் என்கிறது. நான் தகுதியா?

தகுதிதான், தைரியமாகப் போடுங்கள். அது கிளியரன்ஸே இல்லை. ஆயுதத் தொழில்நுட்ப ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் 'ஐடார்' விதியில் வரும் சொல். குடிமக்களோடு கிரீன் கார்டு உள்ளவர்களும், அகதி நிலை பெற்றவர்களும் அதில் அடக்கம். எச்1பி விசாக்காரர்கள் அடக்கமில்லை.

லண்டன் வாசகர்: வேலை விசாவில் வந்து 2 வருடம் ஆகிறது. எஸ்.சி. (செக்யூரிட்டி செக்) கிளியரன்ஸ் கிடைக்குமா சார்?

இப்போதைக்குக் கஷ்டம். இங்கே பாஸ்போர்ட்டைவிட நீங்கள் எத்தனை காலம் இந்த நாட்டில் இருந்தீர்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள். எஸ்.சி.க்குப் பொதுவாக 5 வருடம், அதற்கு மேலே உள்ள 'டெவலப்ட் வெட்டிங்' எனும் டி.வி.க்கு 10 வருடம். இல்லாத காலத்தை அவர்களால் சரிபார்க்க முடியாது, அவ்வளவுதான் காரணம். ஆனால் 'பி.பி.எஸ்.எஸ்.' என்ற அடிப்படைச் சோதனை போதும் என்கிற வேலைகள் நிறைய உண்டு. அடையாளம், வேலை செய்யும் உரிமை, கடந்த 3 வருட வேலை விவரம், குற்றப் பதிவு: இந்த நான்கும்தான்.

நம்மவர்கள் மாட்டிக்கொள்வது அந்த மூன்றாவதில். ஒரு பையன் 7 மாதம் வேலையில்லாமல் இருந்ததை மறைக்க, பழைய கம்பெனியில் தேதியை நீட்டிப் போட்டிருந்தான். ரிலீவிங் லெட்டரில் வேறு தேதி. வேலை போய்விட்டது. சும்மா இருந்தேன் என்று எழுதியிருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். அப்புறம் நம் இனிஷியல் தொல்லை. மார்க் ஷீட்டில் 'எஸ். கார்த்திக்', பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராகி நிற்கும், வங்கியில் இரண்டும் சேர்ந்து ஒரே சொல்லாகியிருக்கும். சோதிப்பவருக்கு அவை மூன்று ஆட்கள். எல்லா வடிவத்தையும் படிவத்தில் நீங்களே முதலில் எழுதிவிடுங்கள்.

மெல்போர்ன் வாசகர்: கிளியரன்ஸுக்கு பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு உரிமை) போதுமா?

ஆஸ்திரேலியாவில் போதாது, குடியுரிமை வேண்டும். விலக்கு உண்டு, மிக அரிது. கனடா இதில் தாராளம். அங்கே பி.ஆர். உள்ளவரையும் பரிசீலிப்பார்கள், 'ரிலையபிலிட்டி' என்ற அடிப்படை நிலைக்கு 5 வருடப் பின்னணி, சீக்ரெட்டுக்கு 10 வருடம் பார்ப்பார்கள்.

டெக்சஸ் வாசகி: இப்போது அமெரிக்கக் குடிமகள். ஓ.சி.ஐ. கார்டு இருக்கிறது, பெற்றோர் திருச்சியில். கிளியரன்ஸ் மறுப்பார்களா?

அதற்காக மட்டும் மறுக்க மாட்டார்கள். ஓ.சி.ஐ. என்பது இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் கார்டு, இந்தியக் குடியுரிமை அல்ல. கார்டு, பெற்றோர், திருச்சியில் வீடு நிலம் இருந்தால் அது, எல்லாவற்றையும் கிளியரன்ஸ் விசாரணைக்கான 'எஸ்.எஃப்.86' படிவத்தில் கேட்கிற இடத்தில் எழுதுங்கள். முடிவெடுக்க அவர்கள் பார்ப்பது 13 அம்சங்கள். வெளிநாட்டுத் தொடர்பு அதில் ஒன்று. கடன், குடி, போதைப்பொருள், பொய் ஆகியவையும் அந்தப் பட்டியலில் உண்டு. அம்மாவிடம் தினமும் பேசுவதை நிறுத்தத் தேவையில்லை. கிரெடிட் கார்டு பாக்கியை முதலில் தீருங்கள்.

ராமநாதபுரம் வாசகர்: துபாயில் 3 வருடம் இருந்துவிட்டுப் போன வருடம் ஊர் திரும்பினேன். கனடா பி.ஆருக்கு 'பிசிசி' கேட்கிறார்கள். இதுவும் கிளியரன்ஸ்தானே?

பெயரில் மட்டும்தான். பிசிசி என்பது உங்கள் மேல் குற்றப் பதிவு இல்லை என்ற போலீஸ் சான்றிதழ். இதற்கு நீங்களே விண்ணப்பிக்கலாம். பாஸ்போர்ட் சேவா தளத்தில் 500 ரூபாய் கட்டணம். ஆனால் இந்தியச் சான்றிதழ் மட்டும் போதாது. 18 வயதுக்குப் பிறகு, கடந்த 10 வருடத்தில் தொடர்ந்து 6 மாதமோ அதற்கு மேலோ இருந்த ஒவ்வொரு நாட்டுக்கும் கனடா கேட்கும். ஆகவே துபாய் போலீஸ் சான்றிதழும் வேண்டும். ஊரில் வாங்குவது, விண்ணப்பத்துக்கு முந்தைய 6 மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். துபாய்ச் சான்றிதழோ, அங்கே வாசம் முடிந்த பிறகு கொடுத்ததாக இருக்க வேண்டும். துபாயில் வேலை செய்தபோதே வேறு எதற்கோ வாங்கி பீரோவில் வைத்திருந்தால், அது இதற்கு உதவாது.