கேளுங்க, சொல்றேன்: வாசல்ல வளையம் மாட்டலாமா?

கேள்வி: போன வருசம் ஆன்லைன்ல ஒரு கிறிஸ்துமஸ் வளையம் வாங்கி வாசக்கதவுல மாட்டுனேன். மாமியார் பாத்துட்டு "எழவு வீட்டுக்கு வைக்கிறத எவளாச்சும் நல்ல நாள்ல வாசல்ல மாட்டுவாளா"ன்னு அன்னைக்கே கழட்டி கோழிக்கூட்டு மேல போட்டுட்டாங்க. இது நெசமாவே நம்ம வேதத்துல உள்ள வழக்கமா? (வாசகி, தங்கச்சிமடம்)

உங்க மாமியார் மேல தப்பே இல்லம்மா. நம்ம பக்கம் மலர்வளையம்னா அது பெட்டி மேல வைக்கிறதுதான், வேற எதுக்கு வாங்குறோம் சொல்லுங்க. அதனால மொதல்ல அந்த பேர விட்டுடுங்க, திருவருகை வளையம்னு சொல்லிப் பாருங்க, பாதி சண்டை அடங்கிரும்.

இதுல ரெண்டு வகை இருக்கு. கதவுல மாட்டுறது வெறும் அலங்காரம், நம்ம மாவிலைத் தோரணம் மாதிரி. மேசையில படுக்க வச்சு மெழுகுவர்த்தி ஏத்துறதுதான் திருவருகைக் காலத்துக்கு (அட்வென்ட், அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு ஞாயிறு வர்ற காலம்) உள்ளது. அதுவும் பைபிள்ல சொன்னதெல்லாம் இல்ல. ஜெர்மனியில ஹாம்பர்க்ல யோஹான் ஹின்ரிக் விச்சர்ன்னு ஒரு போதகர் ஏழைப் புள்ளைகளுக்கு விடுதி நடத்துனாரு, அதுக "கிறிஸ்துமஸ் எப்ப, கிறிஸ்துமஸ் எப்ப"ன்னு தெனமும் நச்சரிச்சிருக்குதுக, அவரு 1839-ல ஒரு வண்டிச்சக்கரத்த எடுத்து அதுல சாதா நாளுக்கு 20 சின்ன செவப்பு மெழுகுவர்த்தி, ஞாயித்துக்கிழமைக்கு 4 பெரிய வெள்ளை மெழுகுவர்த்தின்னு வச்சு, தெனம் ஒன்னு ஏத்துங்கடான்னு விட்டுட்டாரு. அவ்வளவுதான் கதை, புள்ளைகள சமாளிக்க வந்த சக்கரம். லுத்தரன் ஆளுகளோடது (புராட்டஸ்டண்ட் சபை), கத்தோலிக்கக் கோயிலுக்குள்ள வந்ததே 1920-கள்ல தான்.

பச்சை இலை எதுக்குன்னா, அங்க பனிக்காலத்துல மரமெல்லாம் மொட்டையா நிக்கும், ஊசியிலை மரம் மட்டும் பச்சையா இருக்கும், அதான் சாகாத உசுருக்கு அடையாளம். வட்டத்துக்கு ஆரம்பமும் இல்ல முடிவும் இல்ல, கடவுள் மாதிரி. இத மாமியார்கிட்ட சொல்லிப் பாருங்க. பிளாஸ்டிக் வேணாம், நமக்குத்தான் சவுக்கு இருக்கே! பழைய சைக்கிள் ரிம்முல சவுக்குக் கொப்ப பனைநார் போட்டு கட்டுனா அச்சு அசல் அதே மாதிரி வரும். ஆனா நாலஞ்சு நாள்ல காஞ்சு கொட்டும், வாராவாரம் மாத்தணும், காஞ்ச சவுக்கு எப்படி எரியும்னு விறகடுப்பு வச்சவங்களுக்கு தெரியும், அதனால மெழுகுவர்த்திய எரிய விட்டுட்டு கடைக்கு போயிராதீங்க.

கேள்வி: இப்ப வளையத்துல ஞாயித்துக்கு ஒன்னா நாலு மெழுகுவர்த்திதான் வைக்கிறாங்க, அதுல மூணு ஊதா, ஒன்னு ரோஸ், ஏன் இப்படி? ஊதா மெழுகுவர்த்தி எங்க கடைகள்ல கிடைக்கவே இல்லை. (வாசகி, பாம்பன்)

ஊதா மனந்திரும்புற கலரு, சாமியாரும் அந்த நாள்ல ஊதா அங்கிதான் போடுவாரு. மூணாவது ஞாயிறுக்கு மட்டும் ரோஸ், அன்னைக்கு லத்தீன்ல 'மகிழுங்கள்'னு பூசை ஆரம்பிக்கும், பாதி தூரம் தாண்டியாச்சுன்னு ஒரு சந்தோசம். மொத வாரம் ஒன்னு, ரெண்டாவது வாரம் ரெண்டுன்னு சேத்துச் சேத்து ஏத்தணும். சில பேரு நடுவுல வெள்ளை ஒன்னு வச்சு கிறிஸ்துமஸுக்கு ஏத்துவாங்க. ஊதா கிடைக்கலன்னா வெள்ளை மெழுகுவர்த்தியில ஊதா ரிப்பன் கட்டுங்க, யாரும் கேக்க மாட்டாங்க. உங்க ஊரு வாடைக்காத்துக்கு நிக்காதேன்னு கவலையா, சிரட்டையில கடற்கரை மண்ண நெரப்பி அதுல நட்டு வச்சு மேல சிம்னி கண்ணாடி கவுத்துங்க.

கேள்வி: திருவருகைக் காலத்துல கல்யாணம் வைக்கலாமா? பொண்ணு வீட்டுல மார்கழிங்கிறாங்க, எங்க வீட்டுல அட்வென்ட்ங்கிறாங்க. (வாசகர், மூக்கையூர்)

ரெண்டு பக்கமும் வேணாம்னா அப்புறம் என்ன, தையில வச்சுருங்க! திருச்சபை சட்டத்துல இப்ப தடை இல்ல, ஆனா ஆடம்பரம் வேணாம்பாங்க. பங்குச் சாமியார கேட்டுட்டு மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுங்க.

கேள்வி: திருவருகைக் காலம் ஆரம்பிக்கிற தேதி வருசா வருசம் மாறுதே, எப்படி கண்டுபிடிக்கிறது? (வாசகர், தொண்டி)

கிறிஸ்துமஸுல இருந்து பின்னாடி நாலு ஞாயிறு எண்ணுங்க. நவம்பர் 27-ல இருந்து டிசம்பர் 3-க்குள்ள ஒரு ஞாயிறு வரும், அதான் ஆரம்பம். 2022-ல நவம்பர் 27, முழுசா 28 நாள் கிடைச்சுச்சு. 2023-ல கிறிஸ்துமஸ் திங்கக்கிழமை, அதனால டிசம்பர் 3-ல ஆரம்பிச்சு 22 நாள்ல முடிஞ்சிருச்சு, நாலாவது மெழுகுவர்த்தி ஏத்துன அன்னைக்கு ராத்திரியே நடுச்சாமப் பூசை.

1964-ல நாலாவது ஞாயிறு டிசம்பர் 20. ரெண்டு நாள் கழிச்சு, 22 ராத்திரி புயல் வந்து தனுஷ்கோடிய கொண்டு போயிருச்சு. இப்ப டூரிஸ்ட்டுக போட்டோ புடிக்கிறாங்களே அந்த கூரையில்லாத சர்ச்சு, அதுல அந்த வருசம் கிறிஸ்துமஸ் பூசை நடக்கல. அங்க போனீங்கன்னா செல்ஃபி எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு நிமிசம் சும்மா நில்லுங்க.