“சாரு எங்க மக்களே?” என்று கேட்பவரிடம் என்ன சொல்வது?

கேள்வி: தக்கலைப் பகுதியில் உள்ள ஒரு பொதுத்துறை வங்கிக் கிளையில் நான் வேளாண் அலுவலராக இருக்கிறேன். வயது 26. உயரம் குறைவு, முகமும் பள்ளி மாணவியின் முகம் போல இருப்பதாகச் சொல்கிறார்கள். கடன் கேட்டு வரும் பெரியவர்கள் என் மேசை முன்னால் நின்றபடியே “சாரு எங்க மக்களே?” என்று கேட்கிறார்கள். நான் சொன்ன பதிலையே காசாளர் அண்ணாச்சியிடமும் ஒருமுறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டுதான் போகிறார்கள். தோட்டம் பார்வையிடப் போனால் “மேனேஜர் வரல்லியா?” என்கிறார்கள். தினமும் சேலை கட்டிப் பார்த்தேன், பவர் இல்லாத கண்ணாடியும் வாங்கிப் போட்டேன், பலன் இல்லை. நாலு வயது கூடத் தோன்ற வேறு என்ன வழி?
— ஒரு வாசகி, குமரி மாவட்டம்

பதில்: முதல் வேலையாக அந்தக் கண்ணாடியைக் கழற்றிப் பெட்டியில் வையுங்கள். நம் மாவட்டத்தில் புதிதாக ஒருவர் கண்ணாடி போட்டால் “கண்ணுக்கு என்ன மோளே?” என்று பத்துப் பேராவது விசாரிப்பார்கள், கடனைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் உங்கள் கண்ணைப் பற்றிய பேச்சில் போகும். வயதைக் கூட்டிக் காட்டும் எல்லா வேடங்களுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. அவை கவனத்தை உங்கள் முகத்தின் பக்கமே திருப்புகின்றன, உங்களுக்கோ அது கோப்பின் பக்கம் திரும்ப வேண்டும்.

முகத்தைப் பார்த்தவுடன் மனிதர்கள் ஏன் அப்படி முடிவு கட்டுகிறார்கள் என்பது ஆராயப்பட்ட விஷயம்தான். பெரிய கண், உருண்ட கன்னம், சிறிய மோவாய் ஆகிய குழந்தைத் தோற்றக் கூறுகள் பார்ப்பவரிடம் பராமரிக்கும் உணர்வைத் தூண்டுகின்றன என்று விலங்கியல் அறிஞர் கொன்ராட் லோரன்ஸ் 1943-லேயே எழுதினார். அதே கூறுகள் வளர்ந்தவர் முகத்தில் இருந்தால், அவரை நேர்மையானவர், அன்பானவர் என்று நம்பும் மக்கள், பொறுப்பை ஒப்படைக்க மட்டும் தயங்குவார்கள் என்பதை அமெரிக்க உளவியலாளர் லெஸ்லி செப்ரோவிட்ஸ் பல ஆய்வுகளில் விளக்கியிருக்கிறார். முன்பின் தெரியாத ஒரு முகத்தைப் பற்றி மனம் ஒரு கருத்துக்கு வர ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு போதும் என்று 2006-இல் வெளியான வில்லிஸ், டோடோரோவ் ஆகியோரின் ஆய்வு காட்டியது. அந்தக் கணநேரத்தில் நீங்கள் செய்யக்கூடியது எதுவும் இல்லை. அதற்கு அடுத்த இரண்டு நிமிடங்கள் முழுக்க உங்கள் கையில் இருக்கின்றன. செப்ரோவிட்ஸ் சொல்வதில் உங்களுக்குச் சாதகமான பாதியையும் மறக்க வேண்டாம்: இந்த முகம் ஏமாற்றாது என்று அந்தப் பெரியவர் ஏற்கெனவே நம்பிவிட்டார். மிச்சம் இருப்பது, இந்தப் பிள்ளைக்கு வேலை தெரியுமா என்ற ஒரே சந்தேகம்தான்.

இன்னொன்று. உங்கள் பதவியே இளையவர்களுக்கென்று வகுக்கப்பட்டது. பொதுத்துறை வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் ஐ.பி.பி.எஸ். நடத்தும் சிறப்பு அலுவலர் தேர்வில் வேளாண் அலுவலர் பணிக்கு வேளாண்மையிலோ அதைச் சார்ந்த துறையிலோ நான்கு ஆண்டுப் பட்டம் வேண்டும். பொதுப் பிரிவினருக்கு வயது 20 முதல் 30 வரை. இது வாடிக்கையாளருக்குத் தெரியாது, கிளை மேலாளருக்குத் தெரியும். ஆகவே தொடங்க வேண்டிய இடம் அவருடைய அறை. இந்தச் சிக்கலில் உடையைவிடவும் குரலைவிடவும் பத்து மடங்கு வேலை செய்வது, மூத்தவர் ஒருவர் உங்களை எப்படி அறிமுகப்படுத்துகிறார் என்பதே. “புதுசா வந்த பொண்ணு, நல்லா செய்வா” என்று அவர் அன்போடு சொன்னால்கூட அது உங்களைக் கீழே இறக்கும். “விவசாயக் கடன் பூராவும் இவங்கதான் பாக்காங்க. வேளாண்மை படிச்சவங்க. இவங்க பாத்து எழுதித் தந்தாதான் என் மேசைக்கே வரும்” என்று ஒரே ஒருமுறை, வாடிக்கையாளர் காதில் விழும்படி சொல்லச் சொல்லுங்கள். உங்களைத் தாண்டித் தன்னிடம் வருபவருக்கு அவர் பதில் சொல்லாமல் உங்கள் மேசைக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இதைக் குறையாகச் சொன்னால் ஆறுதல்தான் கிடைக்கும்; “ஒரே கேள்விக்கு ரெண்டு இடத்துல பதில் சொல்லுத நேரம் மிச்சமாகும் சார்” என்று வேலையின் கணக்கில் சொன்னால் காரியம் நடக்கும்.

காசாளர் அண்ணாச்சியிடமும் இதே ஏற்பாடு வேண்டும். அவர் உங்களைத் தனியே “மோளே” என்று அழைப்பதை மாற்றச் சொல்ல வேண்டியதில்லை, அது மனதைப் புண்படுத்தும். வாடிக்கையாளர் முன்னிலையில் மட்டும் “மேடத்துகிட்ட கேளுங்க” என்று கைகாட்டும்படி தனியாக ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். இதுவரை இல்லாவிட்டால், பெயரும் பதவியும் தமிழில் எழுதிய ஒரு பலகையையும் மேசையில் வையுங்கள்.

இனி அந்த இரண்டு நிமிடங்கள். பெரியவர் ஒருவர் நெகிழிக் கவருக்குள் மடித்த தாள்களோடு வந்து, “சாரு எங்க மக்களே?” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். “மக்களே” என்பதில் அவமதிப்பு எதுவும் இல்லை. சொந்தப் பேரனையும் அடுத்த வீட்டுப் பிள்ளையையும் நம் பக்கத்தில் அப்படித்தான் அழைக்கிறார்கள். அந்தச் சொல்லோடு சண்டை போடாதீர்கள். எழுந்து நின்று, நாற்காலியைக் காட்டி, “இருங்க சார். விவசாயக் கடன் நான்தான் பாக்கேன். பேப்பரைத் தாங்க” என்று மூன்று சிறிய வாக்கியங்களில் முடியுங்கள். பதிலுக்கு நீங்கள் “பாட்டா”, “மாமா” என்று அழைக்க வேண்டாம். அழைத்தால் அந்த நிமிடமே பேத்தியாகிவிடுவீர்கள். மேசையில் “சார்”, “அம்மா”. வயல்வெளியில் “அண்ணாச்சி” என்றாலும் பொருந்தும்.

தாள்கள் கைக்கு வந்ததும் நீங்கள் செய்வதைத்தான் அவர் கூர்ந்து பார்ப்பார். கவரிலிருந்து எல்லாவற்றையும் எடுத்து, மூலப்பத்திரம், பட்டா, தீர்வை ரசீது, வில்லங்கச் சான்று, ஆதார் என்ற வரிசையில் அவர் பக்கம் பார்த்தபடி மேசையில் பரப்பி, அச்சிட்ட பட்டியலில் ஒவ்வொன்றாகப் பேனாவால் குறியிடுங்கள். பட்டாவில் உள்ள பரப்பும் பத்திரத்தில் உள்ள சென்ட் கணக்கும் ஒத்துப்போகிறதா என்று அவர் கண்முன்னே பாருங்கள். பிறகு தலையை நிமிர்த்தி, இல்லாததைச் சொல்லுங்கள்: “எல்லாம் சரியா இருக்கு. வில்லங்கம் மட்டும் பழசு, புதுசு ஒண்ணு எடுக்கணும். அது வந்த மூணாவது நாள் தோட்டம் பாக்க வருவேன்.” அந்தத் தேதியையும் உங்கள் பெயரையும் ஒரு சீட்டில் எழுதிக் கையில் கொடுங்கள். சீட்டோடு வெளியே போகிறவர் வழியில் காசாளரிடம் கேட்பதற்கு எதுவும் மிச்சமிருக்காது.

எண்களில் தடுமாற்றம் இருக்கக் கூடாது. பயிர்க்கடனுக்குப் பிணையம் கேட்காத வரம்பு ரூ. 1.6 லட்சமாக இருந்தது, 2025 ஜனவரி 1 முதல் ரூ. 2 லட்சமாக உயர்ந்தது என்பதை ஒருவர் கேட்கும்போது கணினியைத் திறக்காமல் சொல்ல முடிந்தால், உங்கள் வயதைப் பற்றிய பேச்சு அத்தோடு ஓயும். இது 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காட்டோடு தமிழகத்திலேயே எழுத்தறிவில் முதலிடம் பெற்ற மாவட்டம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நாளிதழில் படித்த செய்தியோடு வந்து உங்களைச் சோதித்துப் பார்ப்பது இங்கே சாதாரணம். தெரியாததைக் கேட்டால் “சுற்றறிக்கையைப் பாத்துட்டு நாளைக்கு மதியம் பன்னிரண்டு மணிக்குள்ள கூப்பிடுதேன்” என்று சொல்லி, பதினொன்றரைக்கே கூப்பிடுங்கள். சமாளிப்பதை இந்த ஊர்க்காரர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

குரலைச் செயற்கையாகத் தாழ்த்திப் பேச வேண்டியதில்லை. ஆனால் வாக்கியத்தின் முடிவில் குரல் மேலே ஏறினால் உறுதியான செய்தியும் சந்தேகமாகக் கேட்கும். அதை மட்டும் கவனியுங்கள். “சரிதானே சார்?”, “ஓகேயா?” என்று ஒவ்வொரு வரிக்கும் வாலாக ஒட்டும் கேள்விகளை வெட்டிவிடுங்கள். பேச்சில் வேகம் நமக்கெல்லாம் பிறவியிலேயே வந்தது. தொகை, வட்டி, தேதி ஆகிய மூன்றும் வரும் இடத்தில் மட்டும் நிதானித்தால் போதும். நாகர்கோவில் தமிழை மறைத்துவிட்டுச் சென்னைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசினால் மதிப்புக் கூடும் என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அருமனைப் பக்கத்து விவசாயிக்கு அது தூரத்தைத்தான் காட்டும். சிரிப்பைப் பற்றி ஒன்று: வரவேற்கும்போதும் வழியனுப்பும்போதும் தாராளமாகச் சிரியுங்கள், தவணையைச் சொல்லும்போது வேண்டாம். சிலர் இளமையை மறைக்கக் கடுகடுப்பை எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு இந்த ஊரில் “தலைக்கனம்” என்று பெயர் கிடைக்கும், வயது கூடாது.

உடையில் சேலை கட்டாயம் என்று எண்ண வேண்டாம். 2019-இல் தமிழக அரசு தன் ஊழியர்களுக்கு வெளியிட்ட உடை விதியில் சேலையோடு, துப்பட்டா அணிந்த சுடிதாரும் சல்வார் கமீஸும் இடம்பெற்றன. உங்கள் வங்கியை அது கட்டுப்படுத்தாது என்றாலும், அலுவலக உடை என்றதும் இங்குள்ளவர் மனதில் தோன்றுவது அதுதான். உங்களுக்குச் சிக்கல் வேறு இடத்தில் இருக்கலாம். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது; ஸ்கூட்டரில் நனைந்து, புழுக்கத்தில் கசங்கி வந்த கஞ்சி போட்ட பருத்திச் சேலையைவிட, கசங்காத கலப்புத் துணியில் தோள்பட்டை சரியாகப் பொருந்தித் தைத்த சுடிதார் மேல். அளவு பெரிதான உடை, அக்காவின் துணியைப் போட்டுக்கொண்டு வந்த தங்கையைத்தான் நினைவூட்டும். துப்பட்டாவை இரு தோளிலும் ஊசி குத்திவிட்டால், கோப்பு எடுக்கும்போதெல்லாம் அதைச் சரிசெய்யும் கை ஓயும். உண்மையில் உங்களை மாணவியாக்குவது முதுகுப் பையும், கையை விட்டு இறங்காத கைப்பேசியும், கல்லூரிக் கால வண்ண நாடாவில் தொங்கும் அடையாள அட்டையுமாக இருக்கலாம். மூன்றையும் மாற்றுங்கள். பூ வைப்பது உங்கள் விருப்பம். தோவாளைப் பிச்சி ஒரு துண்டு போதும், முழுச்சரம் கல்யாண வீட்டுக்கு இருக்கட்டும்.

தோட்டம் பார்வையிடுவது உங்களுக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு, ஏனெனில் அங்கே முகத்தைவிடக் கையைத்தான் பார்ப்பார்கள். நிலத்தின் எல்லைகளைக் காட்டும் புலப்படத்தை அச்செடுத்துக்கொண்டு போய், வடக்கு நோக்கி நின்று, நான்கு எல்லைகளையும் ஒவ்வொன்றாக நீங்களே கேட்டுக் குறியுங்கள். ரப்பர் தோட்டமானால் ஒரு தையல் அளவு நாடா பையில் இருக்கட்டும். ஒட்டுக்கன்று மரத்தில் ஒட்டுச் சேர்ந்த இடத்திலிருந்து 125 செ.மீ. உயரத்தில் தண்டின் சுற்றளவு 50 செ.மீ. வந்திருக்க வேண்டும், தோட்டத்தில் நூற்றுக்கு எழுபது மரமாவது அந்த அளவை எட்டிய பிறகே பால்வெட்டுத் தொடங்கலாம் என்பது படித்த உங்களுக்குத் தெரிந்ததே. “அடுத்த வருஷம் வெட்டலாம்” என்று உரிமையாளர் சொல்லும்போது மறுத்துப் பேசாமல், ஓரத்து மரங்களை விட்டுவிட்டு உள்வரிசையில் பத்து மரங்களை நாடாவால் அளந்து அவரிடமே காட்டுங்கள். 42, 44 என்று அளவு வந்தால் வருமானக் கணக்கை எந்த ஆண்டிலிருந்து போடலாம் என்று அவரே இறங்கிவந்து பேசுவார். மேனேஜர் வரவில்லையா என்ற கேள்வி நாடாவை எடுத்த பிறகு வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஊர் எது, யாருக்க மோளு, கல்யாணம் ஆயிற்றா, வயது என்ன என்ற விசாரணை நிச்சயம் வரும். ஊரைத் தயங்காமல் சொல்லுங்கள்; பொதுவாக ஒரு தெரிந்தவர் அகப்படுவார், பேச்சு இளகும். மற்றவற்றுக்கு “அதெல்லாம் நேரமாவும் சார், முதல்ல இந்தக் கையெழுத்தைப் போடுங்க” என்று சிரித்தபடி பேனாவை நீட்டினால் போதும். அனுபவத்தை மட்டும் கூட்டிச் சொல்லாதீர்கள். இங்கிருந்து குளச்சல் வரை இரண்டு தொலைபேசி அழைப்பில் உண்மை தெரிந்துவிடும்.

இதே சிக்கலைச் சொல்லும் இளைஞர்களுக்கு: தாடி சீராக வளர்ந்தால் ஒழுங்காக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், திட்டுத்திட்டாக வளர்ந்தால் மழித்துவிடுங்கள். மற்றபடி மேலே சொன்னதே உங்களுக்கும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. இளையவர் என்பதால் சந்தேகிப்பது ஒன்று, இளம்பெண் என்பதால் அத்துமீறுவது வேறொன்று. உடலைப் பற்றிய பேச்சு, தோட்டத்துக்குத் தனியாக வரச் சொல்லி வற்புறுத்துவது, இரவில் குறுஞ்செய்தி ஆகியவற்றுக்கு மேலே சொன்ன எந்த உத்தியும் பொருந்தாது. தொலைவான பார்வையிடலுக்குக் கிளையிலிருந்து ஒருவரை உடன் அனுப்பும்படி மேலாளரிடம் கேட்பது உங்கள் உரிமை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்கள் வங்கியில் இத்தகைய புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். தொல்லை தருபவர் வாடிக்கையாளராக இருந்தாலும் அங்கே முறையிடலாம். புகாரை எழுத்து மூலம், சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். வந்த செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள்.