பட்டாசலில் பேசும் பெட்டி: மலிவு ஸ்மார்ட் ஸ்பீக்கர் கேள்வி-பதில்

அண்ணாச்சி, ஆச்சி தனியாக இருக்கிறார்கள். பாட்டுக் கேட்க, நாம் வாயால் சொன்னதைக் கேட்டு நடக்கும் ஸ்மார்ட் ஸ்பீக்கர் வாங்கலாமா? தமிழ் புரியுமா? (அம்பாசமுத்திரம்)

ஆச்சிக்குத் தமிழ் மட்டும்தான் என்றால் அவசரப்படாதீர்கள். அமேசான் எக்கோ என்ற ஸ்மார்ட் ஸ்பீக்கருக்கு இங்கே ஆங்கிலமும் இந்தியும்தான் மொழி. தமிழ்ப் பாட்டு பாடும். தமிழில் கேட்டால்தான் தடுமாறும். எங்கள் பட்டாசலில் (வீட்டுக் கூடத்தில்) ஒன்றை வைத்த அன்று அம்மா அதன் முன்னால் உட்கார்ந்து, “ஏ பிள்ளை, அந்த முருகன் பாட்டைப் போடு” என்றாள். ‘அலெக்சா’ என்று அதன் பெயரைச் சொல்லி அழைக்கவில்லையே, விளக்குகூட எரியவில்லை. “செவிடு போலிருக்கிறது” என்று எழுந்து போய்விட்டாள்.

பிறகு செயலியில் ‘ரொட்டீன்’ போட்டேன்: காலை 5.30க்குப் பாட்டு தானாகத் தொடங்கும். அம்மா வாயே திறக்க வேண்டாம். இதை நீங்கள் வெளியூரிலிருந்தே போனில் அமைத்துவிடலாம். பாட்டுச் சேவையின் சந்தாவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். மலிவுப் பெட்டியின் மறைமுகச் செலவு அதுதான். திருநெல்வேலி வானொலி மட்டும் போதும் என்றால் சாதாரண ரேடியோவே உத்தமம்.

எக்கோவில் ‘பாப்’ வாங்கலாமா, ‘டாட்’ வாங்கலாமா? பழைய ஆம்ப்ளிஃபயரில் இணைக்க வேண்டும். (பாளையங்கோட்டை)

வயர் போட்டு இணைப்பதாக இருந்தால் இரண்டும் வேண்டாம். 2023இல் வந்த பாப்பிலும் ஐந்தாம் தலைமுறை டாட்டிலும் ஆடியோ வயர் செருகும் 3.5 மி.மீ. துளை கிடையாது, புளூடூத் மட்டுமே. நான்காம் தலைமுறை டாட்டில் துளை உண்டு, கிடைத்தால் அதை எடுங்கள். தனியாகவே வைப்பீர்கள் என்றால் படுக்கையறைக்கு பாப் போதும். சத்தம் முன்பக்கமாக வருவதால் சுவரோரம் வைத்து உங்களைப் பார்த்துத் திருப்புங்கள். தவிலின் கனத்தை இவற்றில் எதிர்பார்க்காதீர்கள்.

கரண்ட் போனால்? (வள்ளியூர்)

அணைந்துவிடும். இவற்றில் பேட்டரி இல்லை. இணையம் மட்டும் அறுந்தால் முன்பே வைத்த அலாரம் அடிக்கும். கரண்டே இல்லாவிட்டால் அதுவும் இல்லை. இன்வெர்ட்டர் இருந்தால் ஸ்பீக்கரோடு மோடத்தையும் அதில் மாட்டுங்கள், பலர் மோடத்தை மறந்துவிடுகிறார்கள். அதிகாலை ரயிலைப் பிடிக்கிறவர்கள் சாவி கொடுக்கும் கடிகாரத்தைத் தூக்கிப் போடவேண்டாம்.

ஒட்டுக்கேட்குமா? (மேலப்பாளையம்)

தன் பெயருக்காக எப்போதும் காது கொடுத்தபடிதான் இருக்கும். மைக் பொத்தானை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும், அப்போது கேட்காது. பழைய பதிவுகளைச் செயலியில் அழிக்கலாம். நகை, நிலப் பேச்சு வந்தால் நான் பிளக்கையே பிடுங்கிவிடுவேன்.

மின்கட்டணம்? (தென்காசி)

சும்மா இருக்கும்போது ஏறத்தாழ 2 வாட். மாதத்துக்கு ஒன்றரை யூனிட்கூட வராது.