செல்லப்பெயரே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

கேள்வி: மகள் பிறந்து இருபது நாள் ஆகிறது. எனக்குக் ‘கயல்விழி’ என்று வைக்க ஆசை, கணவருக்கு ‘நிலா’. “அவ்வளவு நீளமாக வைத்தால் யாரும் முழுசாகக் கூப்பிட மாட்டார்கள்” என்கிறார். இதற்குள் மாமியார் ‘அம்மு’ என்றும் நாத்தனார் ‘பொம்மி’ என்றும் ஆரம்பித்துவிட்டார்கள். என்னை வீட்டில் ‘பாப்பு’ என்பார்கள். இப்போது எனக்கு 31 வயது. அலுவலகத்துக்கு வந்த உறவினர் ஒருவர் எல்லார் முன்னாலும் அப்படியே கூப்பிட்டார், அன்றைக்குப் பட்ட கூச்சம் இன்னும் போகவில்லை. என் மகளுக்குச் செல்லப்பெயரே வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிடலாமா?

பதில்: சொல்லலாம், ஆனால் நடக்காது. செல்லப்பெயரை யாரும் யோசித்து வைப்பதில்லை, குழந்தையைக் கையில் வாங்கியதும் வாயில் எது வருகிறதோ அதுதான். நீங்கள் தடுத்தால் உங்கள் மாமியார் நீங்கள் அந்தப் பக்கம் போனதும் ‘அம்மு’ என்பார், அதில் உங்கள் இருவருக்கும் மனக்கசப்புதான் மிஞ்சும். இருபது நாள் குழந்தையை வைத்துக்கொண்டு, சரியான தூக்கம்கூட இல்லாமல், இந்தச் சண்டை உங்களுக்கு வேண்டாம்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ‘பாப்பு’ என்ற சொல் உங்களை இவ்வளவு உறுத்துவதற்குக் காரணம், வீட்டில் யாரும் உங்கள் சொந்தப் பெயரைச் சொன்னதே இல்லை என்பதாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. அது உங்கள் மகளுக்கு நடக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் கையில்தான் இருக்கிறது. நாலரை மாதக் குழந்தைகள் மற்ற பெயர்களைவிடத் தங்கள் பெயரை அதிக நேரம் கவனித்துக் கேட்கிறார்கள் என்று 1995-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது, அதாவது திரும்பத் திரும்பக் காதில் விழும் ஒலியை அவ்வளவு சீக்கிரமே பிடித்துக்கொள்கிறார்கள். அதனால் அம்முவோ பொம்மியோ இருந்துவிட்டுப் போகட்டும், நீங்களும் கணவரும் மட்டும் குளிப்பாட்டும்போது, பாலூட்டும்போது, உடுப்பு மாற்றும்போது முழுப் பெயரைச் சொல்லியே பேசுங்கள். தூங்கவைக்கும்போது என்ன வேண்டுமானாலும் சொல்லிக் கொஞ்சிக்கொள்ளுங்கள்.

ஒன்றே ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். நிறத்தையோ உடம்பையோ சொல்லும் பெயர், கறுப்பி, குண்டு, நெட்டை மாதிரி எதுவும், எவ்வளவு பாசத்தோடு சொல்லப்பட்டாலும் முதல் தடவையே நிறுத்துங்கள். “அத்தை, அம்முன்னே கூப்பிடுங்க, எனக்கும் பிடிச்சிருக்கு, ஆனா இது வேண்டாம்” என்று நேராகச் சொன்னால் போதும். சொல்கிறவருக்கு அது கொஞ்சல்தான், ஆனால் அந்தப் பெண் பன்னிரண்டு வயதில் கண்ணாடி முன்னால் நிற்கும்போது அந்தச் சொல்தான் முதலில் ஞாபகம் வரும்.

சரி, கயல்விழியா நிலாவா? இரண்டும் நல்ல பெயர். என்னைக் கேட்டால் கயல்விழி.

நீளத்தைக் குறையாகச் சொல்கிறார் உங்கள் கணவர், எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. கயல் என்றால் மீன், விழி என்றால் கண், பாதியாக உடைத்தாலும் இரண்டு பக்கமும் பொருளோடு நிற்கும். சில பெயர்களைச் சுருக்கினால் அர்த்தமில்லாத ஓர் ஒலிதான் மிஞ்சும், இங்கே அந்தப் பயம் இல்லை. பதினைந்து வயதில் அவளே ‘என்னைக் கயல்னு கூப்பிடுங்க’ என்று தோழிகளிடம் சொல்லலாம், வேலைக்குப் போகும்போது முழுப் பெயரை எடுத்துக்கொள்ளலாம். நிலாவைச் சுருக்க முடியாது என்பது உண்மைதான், ஆனால் சின்னப் பெயரைச் சும்மா விடுவார்களா? நிலாக்குட்டி, நிலும்மா என்று நீட்டிக்கொண்டுதான் போவார்கள். நிலாவை உங்கள் கணவர் அவளைக் கொஞ்சும் பெயராக வைத்துக்கொள்ளட்டுமே, அவருக்கு மட்டும் உரியதாக.

கூப்பிட்டும் பாருங்கள். எழுத்தில் அழகாக இருக்கும் பெயர், பக்கத்து அறைக்குக் கேட்கும்படி சொன்னால் சில சமயம் வாயில் சிக்கும். பக்கத்தில் இருப்பவரை அழைத்தால் பெயர் அப்படியே நிற்கும், தூரத்தில் இருப்பவரை அழைத்தால் நீளும் என்பதைத் தொல்காப்பியமே ‘விளிமரபு’ என்ற இயலில் பேசுகிறது. இகரத்தில் முடியும் பெயர் ஈகாரமாகும். கயல்விழீ... என்று ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், எவ்வளவு இயல்பாக நீள்கிறது!

சிக்கல் ழகரத்தில் வரும். வீட்டிலேயே பாதிப் பேர் ‘விளி’ என்பார்கள், தமிழ் தெரியாதவர்கள் ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்து ‘விஸி’ என்பார்கள். இதற்காகப் பெயரை விட்டுவிடாதீர்கள், மூன்று வயதில் அவளுக்கே நாக்கை மடித்துச் சொல்லப் பழக்குங்கள், ழ உடனே வராது, வரும்வரை கேலி செய்யாமல் இருங்கள். ஆனால் ஆங்கில எழுத்துக்கூட்டலை இப்போதே முடிவு செய்து, பிறப்புச் சான்றிதழில் இருப்பதையே ஓர் எழுத்துகூட மாறாமல் எல்லா இடத்திலும் எழுதுங்கள். பாஸ்போர்ட்டில் இயந்திரம் படிக்கிற வரியில் முழுப் பெயருக்கும் சேர்த்து 39 இடம்தான். கயல்விழி வழக்கமான எழுத்துக்கூட்டலில் பத்து இடம் எடுக்கும், குடும்பப் பெயரோ அப்பா பெயரோ சேர்த்தாலும் பெரும்பாலும் இடம் போதும். எண் கணிதம் என்று யாராவது நடுவில் ஓர் எழுத்தைக் கூட்டச் சொன்னால் கேட்காதீர்கள், பள்ளிச் சான்றிதழில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று என்று ஆகிவிட்டால் பின்னால் அலையப்போவது அவள்தான்.

அப்புறம், அந்த உறவினர். அவருக்கு இந்த வாரமே போன் செய்து, குழந்தைக்குப் பெயர் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று பேச்சை ஆரம்பித்து, ‘இனிமேல் வெளியிடத்தில் என்னையும் என் பெயரைச் சொல்லியே கூப்பிடுங்கள்’ என்று சொல்லிவிடுங்கள். 31 வயதுக்குப் பிறகும் அதைக் கேட்கலாம்.