கொழுப்புத் திசுவின் ஹார்மோன்களும் கல்லீரலும்: கேள்வி பதில்

கேள்வி: ஸ்கேன் அறிக்கையில் ‘ஃபேட்டி லிவர், கிரேடு 1’ என்று உள்ளது. எண்ணெய்ப் பலகாரங்களை நிறுத்தினால் போதுமா?

பதில்: போதாது. கொழுப்பு படிந்த கல்லீரல், ஸ்கேன் படத்தில் பக்கத்திலுள்ள சிறுநீரகத்தைவிட வெளுப்பாகத் தெரியும். அந்தக் கொழுப்பில் உணவிலிருந்து நேராக வருவது சுமார் 15 விழுக்காடுதான் என்று 2005-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சுமார் 26 விழுக்காட்டைக் கல்லீரலே புதிதாக உருவாக்குகிறது. மிகுந்த சர்க்கரையும் மாவுச்சத்தும் அதைத் தூண்டுகின்றன. மீதி 59 விழுக்காடு இரத்தத்தில் உலவும் கொழுப்பு அமிலங்களிலிருந்து வருகிறது. அவற்றில் பெரும்பகுதியை விடுவிப்பது உடலின் கொழுப்புத் திசுவே.

கேள்வி: கொழுப்பு ஹார்மோன் சுரக்கும் என்பது உண்மையா?

பதில்: உண்மை. 1994-இல் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் லெப்டினுக்கான (கொழுப்பணுக்களில் சுரந்து, பசியைக் குறைக்கும்படி மூளைக்குச் சொல்லும் ஹார்மோன்) மரபணுவைக் கண்டறிந்த பிறகு, கொழுப்பை வெறும் சேமிப்புக் கிடங்காகப் பார்க்க முடியாமல் போயிற்று. கல்லீரலைப் பொறுத்தவரை நான் முதன்மையாகக் கருதுவது அடிபோனெக்டின். கொழுப்பை எரிக்கவும் இன்சுலினுக்குச் செவிசாய்க்கவும் கல்லீரலைத் தூண்டும் இந்த ஹார்மோன், கொழுப்பணுக்களிலேயே சுரந்தாலும், உடல் பருக்கும்போது கூடாமல் குறைந்துவிடுகிறது. வயிற்றுக்குள் கொழுப்பணுக்கள் உப்பும்போது அழற்சிப் பொருள்கள் பெருகி, குடலிலிருந்து கல்லீரலுக்குச் செல்லும் போர்ட்டல் சிரை வழியாக நேரே கல்லீரலை அடைகின்றன. தெற்காசியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு வரம்பை ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்று வைத்திருப்பது, ஒல்லியாகத் தெரிபவரிடமும் இந்த உள்கொழுப்பு இருக்கக்கூடும் என்பதால்தான்.

கேள்வி: அப்படியானால் உடலில் கொழுப்பே இல்லாதவருக்கு இந்நோய் வராதா?

பதில்: கடுமையாகவே வரும். லிப்போடிஸ்ட்ரோஃபி என்னும் அரிய நோயில் தோலடிக் கொழுப்பு கரைந்துபோய், லெப்டின் மிகவும் குறைந்து, தங்க இடமில்லாத கொழுப்பு கல்லீரலில் குவிகிறது. அத்தகையோர் சிலருக்கு 2014 முதல் அமெரிக்காவில் லெப்டின் ஊசி தரப்படுகிறது. பருமனானவர்களுக்கோ லெப்டின் ஏற்கெனவே மிகுதி; மூளை அதற்குச் செவிசாய்ப்பதில்லை என்பதால், அந்த ஊசி அவர்களுக்குப் பயன்படாது.

கேள்வி: அடிபோனெக்டினைக் கூட்ட மாத்திரை உண்டா?

பதில்: சர்க்கரை நோய்க்குத் தரப்படும் பயோகிளிட்டசோன் மாத்திரை கூட்டும், ஆனால் உடல் எடையையும் ஏற்றும், இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. எனவே மருத்துவர் சொல்லாமல் தொடக்கூடாது. எடைக் குறைப்பே முதல் மருந்து: 80 கிலோ உள்ளவர் படிப்படியாக 6 முதல் 8 கிலோ குறைத்தால், கல்லீரலின் கொழுப்போடு அழற்சியும் பலருக்குத் தணிகிறது.